கர்சர் திக்கிய வாரம்

மே 2
காலையிலிருந்து கடைக் கம்ப்யூட்டரில் கர்சர் திக்குகிறது. நோட்டீஸில் அம்மன் படத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று பிடித்தால் அசையாமல் நிற்கிறது, பிறகு ஒரே தாவாகத் தாவி ஓரத்தில் போய் விழுகிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1ஆம் தேதி. அதற்குள் மூன்று அன்னதான நோட்டீஸ் முடித்துக் கொடுக்க வேண்டும்.

வழக்கமாக வரும் சர்வீஸ் தம்பி, “பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்க்கா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க” என்கிறான். புதுசும் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே! ஆனால் 2003லிருந்து அடித்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் இதில்தான், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக இருக்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. வேறு மெஷினில் திறந்தால் ‘திருமணம்’ என்ற சொல்கூட ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கும். அக்காவுக்கு அடித்த பத்திரிகையைத் திறந்துதான் தங்கைக்கும் அடிக்கிறோம். இதை விட எனக்கு மனசில்லை.

மே 3
மௌஸைக் கவிழ்த்துப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சம் வரும் ஓட்டையில் ஒரு முடி, வெளிச்சத்துக்குக் குறுக்கே வளைந்து கிடந்தது. ஊசி முனையால் எடுத்தேன். உள்ளே இருக்கும் குட்டிக் கேமரா நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் கை எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்கிறது. மேஜைக் கண்ணாடி மேல் வைத்தாலும் அதற்குக் கண் தெரியாது. அட்டை போட்டு வைத்தேன். நடுக்கம் நின்றது, திக்கல் நிற்கவில்லை.

வேறு மௌஸ் மாட்டியும் அதே கதை. மெஷின் ஓடும்போது கழற்றி மாட்டக் கூடாத பழைய உருண்டைச் செருகி மௌஸ் என்பதால் ஒவ்வொரு தடவையும் மெஷினை அணைத்துவிட்டுத்தான் மாற்றினேன்.

மே 5
அக்னி நட்சத்திரம். மின்விசிறியிலும் அனல்.

அப்பா பிழை திருத்த உட்கார்ந்தார். “எழுத்தும் லேட்டா வந்து மொத்தமா விழுதும்மா” என்றார். இது எனக்கு ஏன் தோன்றவில்லை! கீபோர்டும் திக்கினால் மௌஸ் என்ன செய்யும்? முன்பக்கம் ஹார்டு டிஸ்க் விளக்கைப் பார்த்துக்கொண்டே கர்சரை ஓட்டினேன். விளக்கு மின்னும்போதெல்லாம் திக்கல்.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கும் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்தேன். அல்ட்ரா டிஎம்ஏ 5 என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பிஐஓ மோடு’. டிஎம்ஏ என்றால் டிஸ்க் தகவலை நேராக மெமரிக்கு அனுப்பும், பிராசசருக்கு வேலை இல்லை. பிஐஓவில் ஒவ்வொரு துண்டையும் பிராசசரே சுமக்கிறது. நொடிக்கு 100 எம்பி போகக்கூடிய பாதை 16க்குச் சுருங்கிவிடும். மூட்டை சுமக்கிறவரைக் கூப்பிட்டால் உடனே திரும்புவாரா? மௌஸ் காத்துக் கிடக்கிறது.

டிஸ்கோடு பேசும்போது தப்பு ஆறு தடவை சேர்ந்தால் எக்ஸ்பி வேகத்தை ஒரு படி இறக்கும். தொடர்ந்தால் பிஐஓ வரைக்கும் போகும். தானாக மேலே ஏறாது. சரி, தப்பு எதனால்?

மே 6
டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ கணக்கைப் பார்த்தேன். கெட்ட செக்டர், அதாவது டிஸ்கில் பழுதான இடம், பூஜ்யம், நெஞ்சில் பால் வார்த்தது. ஆனால் தகவல் வழியில் சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை எண் ஏறியிருக்கிறது. அது பெரும்பாலும் கேபிள் கோளாறு.

பெட்டியைத் திறந்தேன். டிஸ்கையும் மதர்போர்டையும் இணைக்கும் பட்டைக் கேபிள் தகட்டு விளிம்பில் நசுங்கி மடிந்திருந்தது. மடிப்பில் உறை பிளந்து செம்பு மின்னியது, முடி அளவு. வேலூர் சாரதி மாளிகைக் கடைகளில் ஏறி இறங்கினேன், இந்தக் கேபிளை இப்போது யாரும் வைத்திருப்பதில்லை. கடைசியில் காட்பாடியில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது. 40 கம்பி இல்லை, 80 கம்பிதான் வேண்டும் என்று விளிம்பில் கோடுகளை எண்ணிப் பார்த்தே வாங்கினேன். 40 கம்பியில் இந்த வேகம் வராது.

மே 7
புதுக் கேபிளின் நீல முனை மதர்போர்டில், கறுப்பு முனை டிஸ்கில். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட். விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டது: அல்ட்ரா டிஎம்ஏ மோடு 5.

பத்திரிகைக் கோப்புறை முழுவதையும் பென் டிரைவுக்குக் காப்பி போட்டபடியே அம்மன் படத்தைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்தது. அப்பா பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்” என்றார்.

பழைய கேபிளைக் கத்தரித்துப் போட்டுவிட்டேன். தெரியாமல் யாராவது மறுபடி மாட்டிவிடக் கூடாது.