சிக்னல் இல்லை, யோசனை உண்டு

பாகங்களைச் சேர்த்துப் புதிதாக உருவாக்கிய கணினி அசையாமல் கிடந்தால் கவலைப்படுவது வீட்டில் ஒருவர்தான்: பணம் கொடுத்தவர். அதே கணினியில் மின்விசிறிகள் சுற்றி, கேபினட்டுக்குள் வண்ண விளக்குகளும் எரிந்து, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்று வந்து நின்றால் தெருவே கவலைப்படும். ஆளுக்கொரு யோசனை சொல்ல அதைவிடத் தோதான கோளாறு கிடையாது.

மதுரையில் அக்கா வீட்டில் இது நடந்தது. அக்காவின் மகன் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டின் பெட்டியை மடியிலேயே வைத்து வைகை எக்ஸ்பிரஸில் கொண்டுவந்திருந்தான். கணினியின் மூளையான பிராசசர் ரைசன் 5 7600, மதர்போர்டு பி650, தற்காலிக நினைவகமான ராம் 16 ஜிபி டிடிஆர்5 இரண்டு. படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு பொங்கலுக்குப் பிறகு என்று அத்தானோடு ஒப்பந்தம்.

பையன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான். திருகாணிகள் கலந்துவிடாமல் இருக்க அக்காவின் பழைய அஞ்சறைப் பெட்டியை வாங்கி, ஒவ்வொரு வகையையும் ஒவ்வொரு அறையில் போட்டு வைத்திருந்தான். கடைசித் திருகாணி வரை எல்லாவற்றிலும் சீரக வாசனை. பலரும் மறந்துவிடும் பிராசசர் மின் இணைப்பு, அதாவது போர்டின் மேல் மூலையில் ஒளிந்திருக்கும் அந்த எட்டு முனைச் செருகி, அதையும் முதலிலேயே மாட்டிவிட்டான். இரண்டு ராமும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது வரிசையில் சரியாக இருந்தன.

பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது. மானிட்டர் கறுப்பு.

"கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் படம் எங்கிருந்து வரும்?" என்று அத்தான் ஆரம்பித்தார். ஒப்பந்தத்தைத் தானே உடைக்கிறோம் என்பதைக் கவனிக்கவில்லை. இந்தப் பிராசசருக்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருக்கிறது, பெயரின் கடைசியில் 'எஃப்' என்று முடியும் 7500எஃப் போன்றவற்றில்தான் அது இருக்காது என்று பையன் விளக்கினான். "அப்படியானால் அந்த எஃப்பைத்தான் உன் தலையில் கட்டியிருக்கிறார்கள்" என்று அத்தான் முடித்துவிட்டார். பில்லில் எஃப் இல்லை. பெட்டியிலும் இல்லை. "பெட்டியை மாற்றியிருப்பார்கள்."

சத்தம் கேட்டு மாடி வீட்டு சார் இறங்கி வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். கேபினட்டின் திருகாணி ஒன்றில் டெஸ்டரை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "எர்த் சரியில்லை" என்றார். உடனே ஃபிரிட்ஜின் பிளக் பிடுங்கப்பட்டு அந்த இடத்தில் கணினி செருகப்பட்டது. மானிட்டர் அங்கேயும் கறுப்பாகத்தான் இருந்தது. "உள்ளே மாவு இருக்கிறது, புளித்துப் போகும்" என்று அக்கா கத்தியதும் பிளக் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அடுத்து, முக்குக் கடையில் கணினி பழுது பார்க்கும் தம்பி போனில் வந்தார். வியாதியை முழுதாகக் கேட்கவே இல்லை. "ராமைக் கழற்றி ரப்பரால் துடைத்துப் போடுங்கள்." நம் ஊரில் கணினிக்கு முதலுதவியே அதுதான். பழைய கணினிகளில் ராமின் பொன்னிற முனைகளில் அழுக்கு ஏறியிருக்கும். துடைத்தால் உண்மையாகவே வேலை செய்யும், மறுக்கவில்லை. இந்த ராம் உறையைப் பிரித்தே இன்னும் ஒரு பொழுது ஆகவில்லை. ஆனாலும் ஏழாம் வகுப்புப் படிக்கும் சின்னவளிடமிருந்து ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பர் பறிமுதல் செய்யப்பட்டு, சார் கையால் பயபக்தியோடு தேய்க்கப்பட்டது. இப்போது ராமுக்கும் ஒரு வாசனை.

நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டின் வலது ஓரத்தில் கடுகளவில் நான்கு விளக்குகள். பிராசசர், ராம், கிராபிக்ஸ், கடைசியாக கணினி இயங்கத் தொடங்கும் பூட் என்று போர்டு தன்னைத்தானே சோதித்துக்கொண்டு போகும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும்; எதில் நின்றுவிடுகிறதோ அதில் கோளாறு. ஒவ்வொரு முறையும் ராமின் மஞ்சள் விளக்கு எரியும். எல்லோரும் அரை நிமிடம் குனிந்து பார்ப்பார்கள். பிறகு யாராவது "ஆஃப் செய், ஆஃப் செய்" என்பார்கள். ஒற்றை ராமோடு முயன்றார்கள். ராம்களை இடம் மாற்றினார்கள். கடைசியில் சார், போர்டில் இருந்த சிஆர்2032 என்ற வட்ட பேட்டரியையும் நகத்தால் நெம்பி எடுத்து, ஊதி, திரும்ப வைத்தார்.

"என் ரப்பர்?" என்று வந்து நின்றாள் சின்னவள். கையில் கணக்கு நோட்டு. அட்டையில் பெயர் எழுதும் இடத்துக்குக் கீழே பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். பையன் அதையே உற்றுப் பார்த்தான். ராம் செருகும் இடத்தை மறைத்துக்கொண்டு ஒட்டியிருந்ததால் காலையில் அவன் உரித்துப் போட்டது. அவள் குப்பையிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டாள். பொடி எழுத்தில் அதில் இருந்த சேதி இவ்வளவுதான்: முதல் முறை இயக்கும்போது படம் வரச் சில நிமிடங்கள் ஆகலாம், அணைக்காமல் காத்திருக்கவும்.

டிடிஆர்5 ராமின் வேகத்துக்கு, பிராசசரும் ராமும் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு கம்பித்தடத்திலும் நேரக்கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும். போர்டு அதை முதல் தடவை தானே சோதித்துப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்கிறது. மெமரி டிரெயினிங் என்கிறார்கள். கச்சேரிக்கு முன் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது மாதிரி. இங்கே சுருதி பாதி சேர்ந்ததும் யாராவது எழுந்து "பாட்டே வரவில்லை" என்று தந்தியைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். பேட்டரியைக் கழற்றினால் குறித்து வைத்ததும் போய்விடும்.

திரும்பவும் பொத்தானை அழுத்தினான். மஞ்சள் விளக்கு எரிந்தது. சாரின் கை இரண்டு முறை சுவிட்ச் பக்கம் போனது. இரண்டு முறையும் அத்தான் பிடித்துக்கொண்டார். விளக்கு அணைந்தது. கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரை வந்தது, 32 ஜிபி என்று தெளிவாகக் காட்டியது.

"எர்த் பிடித்துக்கொண்டது" என்றார் சார். போனில் சேதி கேட்ட கடைத் தம்பி, "ரப்பர் போட்டால் வராமல் எங்கே போகும்" என்றார். அத்தான் பில்லை மீண்டும் ஒருமுறை பார்த்து, எஃப் இல்லை என்று சான்றிதழ் வழங்கினார்.

பையனுக்கு அதோடு நிற்க மனமில்லை. ராம் இப்போது 4800 வேகத்தில்தான் ஓடுகிறது, 6000 வேகத்துக்காகத்தான் இதை வாங்கினேன் என்று சொல்லி, பயாஸில் ராமை அந்த வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ என்ற வசதியைத் தட்டிச் சேமித்தான். வேகம் மாறினால் டிரெயினிங்கும் புதிதாகத் தொடங்கும். கணினி அணைந்து எழுந்தது. மானிட்டர் கறுப்பு. மஞ்சள் விளக்கு.

சார் சட்டைப்பையைத் தொட்டார். அதற்குள் அக்கா ஒரு நாற்காலியை இழுத்துக் கேபினட்டுக்கு முன்னால் போட்டு, கையில் தோசைக் கரண்டியோடு உட்கார்ந்துவிட்டாள். "இப்போது யாராவது ரப்பரோடு கிட்டே வந்து பாருங்கள்" என்றாள்.