ஆஸ்துமாவின் சைட்டோகைன்கள்: மருந்துகளின் வழியே படித்த அனுபவம்

நோயெதிர்ப்பியல் தேர்வுக்குப் படிக்கும் பலர் ஆஸ்துமா பகுதியில் இன்டர்லூக்கின்களின் (நோயெதிர்ப்பு செல்கள் செய்தி பரிமாறும் சைட்டோகைன் புரதங்கள்; சுருக்கமாக ஐஎல்) எண்களை அட்டவணையாக்கி மனப்பாடம் செய்கிறார்கள். 'எது' என்று கேட்டால் அட்டவணை கைகொடுக்கும். 'ஏன்' என்று கேட்டால் கைவிடும். எனக்குப் பயன்பட்டது ஒரே கேள்விதான்: இந்த மூலக்கூறைத் தடுத்தால் நோயாளியிடம் என்ன மாறுகிறது? அதற்கான விடைகளை மருந்துகளே தந்துவிடுகின்றன.

முதலில் ஒரு படம் வரையுங்கள். நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுவான டி செல்லில் தொடங்காமல், மூச்சுக்குழாயின் உட்சுவரான எபிதீலியத்தில் தொடங்குங்கள். ஒவ்வாமைப் பொருளோ வைரஸோ புகையோ சீண்டும்போது அங்கிருந்து டிஎஸ்எல்பி, ஐஎல்-25, ஐஎல்-33 ஆகிய எச்சரிக்கை சைட்டோகைன்கள் வெளியாகின்றன. இவை ஒருபுறம், ஆன்டிஜெனை டி செல்லுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் வழியாக டிஹெச்2 என்னும் டி செல் வகையை உருவாக்குகின்றன. மறுபுறம் ஐஎல்சி2 என்னும் பிறவி நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டுகின்றன. ஐஎல்சி2-வுக்கு ஆன்டிஜெனை இனங்காணும் ஏற்பி கிடையாது. ஒவ்வாமை இல்லாதவருக்கும் இயோசினோஃபில் என்னும் வெள்ளணு மிகுந்த ஆஸ்துமா வரக்கூடும் என்பது இங்கேதான் புரிகிறது.

அடுத்த அடுக்கில் மூன்று பெயர்கள் போதும். ஐஎல்-4, பி செல்லை ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் திருப்புகிறது. ஐஎல்-5, எலும்பு மஜ்ஜையில் இயோசினோஃபில்களை வளர்த்து உயிரோடு வைத்திருக்கிறது. ஐஎல்-13 சளியைப் பெருக்குகிறது, மூச்சுக்குழாயை மிகையாகச் சுருங்க வைக்கிறது, மூச்சில் வெளியேறும் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது.

இனி மருந்துகள். நான் அதிக நேரம் செலவிட்டது மெபோலிசுமாபில். ஐஎல்-5-ஐத் தடுக்கும் இந்த மருந்தைப் பற்றி 2000-இல் வெளிவந்த ஆய்வில் இரத்தத்தின் இயோசினோஃபில்கள் குறைந்தன. மூச்சுக்குழாயின் மிகையுணர்வு குறையவில்லை. அத்தோடு கைவிட்டிருக்கலாம். ஆனால் 2009-இல், சிகிச்சைக்குப் பிறகும் இயோசினோஃபில் அதிகமாக இருந்த நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது திடீர்த் தீவிரமடைதல்கள் குறைந்தன. இயோசினோஃபிலும் மிகையுணர்வும் வேறு வேறு இழைகள் என்பதும், யாருக்குக் கொடுக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதும் இந்த ஒரு வரலாற்றிலேயே தெரிந்துவிடும்.

டுபிலுமாப் இன்னும் அழகான வினா. ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டுக்கும் பொதுவான ஏற்பியை அது அடைக்கிறது. ஐஜிஇ-யும் நைட்ரிக் ஆக்சைடும் இறங்குகின்றன. ஆனால் சிலருக்கு இரத்தத்தில் இயோசினோஃபில் தற்காலிகமாக ஏறுகிறது. ஏன்? அந்த செல்களைத் திசுவுக்குள் இழுக்கும் ஈயோடாக்சினும் விகேம்-1-உம் குறைவதால் அவை இரத்தத்திலேயே தங்குகின்றன என்பதே தரப்படும் விளக்கம். டிஎஸ்எல்பி-யைத் தடுக்கும் டெசிபெலுமாபைக் கொடுத்தாலோ இயோசினோஃபில், நைட்ரிக் ஆக்சைடு, ஐஜிஇ மூன்றும் இறங்குகின்றன. அது படத்தின் உச்சியிலேயே கைவைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐஜிஇ-யைச் சுமந்து நின்று, ஒவ்வாமைப் பொருள் பட்டதும் வேதிப்பொருள்களை வெளிவிடும் மாஸ்ட் செல் பகுதியைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம்: சில நிமிடங்களில் ஹிஸ்டமின், புரோஸ்டாகிளாண்டின் டி2, லியூக்கோட்ரைன்கள்; சில மணி நேரம் கழித்து செல்களின் படையெடுப்பு. நேரக்கோடு ஒன்றைப் படத்தின் கீழே போட்டுவிடுங்கள்.

நியூட்ரோஃபில் என்னும் மற்றொரு வெள்ளணு மிகுந்த ஆஸ்துமாவுக்கு ஒரு மூலையைக் காலியாக விடுங்கள். அங்கே ஐஎல்-17 பேசப்படுகிறது, ஸ்டீராய்டுகள் சரியாக வேலை செய்வதில்லை, மேலே சொன்ன படமும் அப்படியே பொருந்தாது. விடை எழுதத் தொடங்கும் முன், வினாவில் உள்ள நோயாளி எந்த வகையினர் என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.