கரித்தூள்

கிளிநொச்சிக்குப் பக்கத்தில், பரந்தனில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றபோது ஒரு பொடியன் கேட்டான்: "ஐயா, நீங்கள் ரெயில்வேயில இருந்தனீங்களாம். எங்கட பக்கம் கரண்ட் கோச்சி எப்ப வரும்?"

"இப்ப ஓடுறதும் கரண்டிலதான் தம்பி" என்றேன். நக்கல் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டான் போல. சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

நக்கல் இல்லை. இங்கே பெரும்பாலும் டீசல் எஞ்சின் சில்லை நேரே சுற்றுவதில்லை, ஜெனரேட்டரைத்தான் சுற்றும். அந்த மின்சாரம் கீழே அச்சோடு தொங்கும் மோட்டர்களுக்குப் போய், மோட்டர்தான் சில்லை உருட்டும். 1954 முதல் கனடாவில் இருந்து வந்த எம்2 எஞ்சின்களும் இப்படித்தான்: 12 சிலிண்டர், 1425 குதிரைவலு. கனடா மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். நாங்கள் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். கடலுக்கு அந்தப் பக்கம் அரக்கோணம், ஈரோடு ஷெட்டுகளில் பார்க்கிற மின்சார எஞ்சின்கள் 25,000 வோல்ட்டை மேலே கம்பியில் இருந்து எடுக்கின்றன. எங்களுடையவை மின் நிலையத்தையே முதுகில் சுமந்துகொண்டு ஓடுகின்றன. அரசாங்கத் தமிழில் இன்னும் 'புகையிரதம்' என்றுதான் பெயர். புகைக்கும் குறைவில்லை, சரி.

நான் எலெக்ட்ரிக்கல் பிட்டர். வேலை முழுக்கக் கொழும்பு ஷெட்டில், தண்டவாளத்துக்கு நடுவே வெட்டிய குழிக்குள். எஞ்சின் மேலே நிற்கும், நாங்கள் கீழே நின்று மோட்டர் மூடியைக் கழற்றுவோம். உள்ளே செப்புத் துண்டுகளை அடுக்கிய உருளை, அதுதான் கொமியூட்டேட்டர். அதன்மேல் கரிக்கட்டைகள் ஸ்பிரிங்கில் அழுத்திக்கொண்டு நிற்கும். பிரஷ் என்போம், மயிர் ஒன்றும் கிடையாது. உருளை பழுப்பாக, சொக்கலேட் நிறத்தில் பளபளத்தால் மோட்டர் சுகமாக இருக்கிறது. கறுத்துக் கோடு கோடாகக் கிடந்தால் ஏதோ சரியில்லை. பிரஷ் தேயத் தேயக் கரித்தூள் கொட்டும். மின்சாரம் பாயும் தூள் அது. இண்டு இடுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். காற்றுக் குழாயால் ஊதித் துடைத்து, மெக்கர் என்ற கருவியை வைத்து, மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பு எப்படி என்று பார்த்துத்தான் மூடியைப் போடுவோம். வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கறுப்பு.

புதிய மோட்டர்களில் பிரஷ் இல்லை, கரியும் இல்லை. அந்த வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு மூக்காவது சுத்தமாக இருக்கும்.

1990 ஜூனில் சண்டையால் வவுனியாவுக்கு வடக்கே கோச்சி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. 2013 செப்டம்பர் 14 அன்று கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தபோது, பாதையோரம் நின்ற பொடியள் பலர் அதற்கு முன் கோச்சியே கண்டதில்லை. அதற்குப் பிறகு சில நாள் எஞ்சினோடு கூடப் போகிற முறை எனக்கும் விழும். சொந்த ஊர்ப் பக்கம் என்று விரும்பித்தான் போவேன்.

ஆனால் மோட்டருக்கு எங்கள் வன்னி நல்ல ஊர் இல்லை. மோட்டரைக் குளிரப்பண்ணும் காற்று வெளியில் இருந்துதான் வருகிறது. சோளகக் காற்று தொடங்கினால் கிரவல் ரோட்டுப் புழுதியும் அதோடு வரும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி. புழுதி, கரி, ஈரம் மூன்றும் சேர்ந்தால் மின்சாரத்துக்குக் குறுக்குப் பாதை கிடைத்துவிடும்.

ஒரு கார்த்திகை இரவு புளியங்குளம் தாண்டியதும் மணி அடித்தது. கிரவுண்ட் ரிலே விழுந்துவிட்டது. எங்கோ மின்சாரம் எஞ்சின் உடம்புக்குக் கசிகிறது என்று அர்த்தம். இழுவை நின்று கோச்சி மெல்ல ஊர்ந்தது. வெளியே காடு, கொட்டுகிற மழை. டிரைவர் சிங்களவர், நல்ல மனுசன். "பாஸ், என்ன செய்ய?" என்றார். ஒருமுறை ரீசெட் செய்தோம், மீண்டும் விழுந்தது. திரும்பத் திரும்பப் போட்டால் மோட்டர் எரிந்துவிடும். பழுதானதை விலக்கிவிட்டு, மிச்ச மோட்டர்களில் மாங்குளம் வரை உருட்டினோம்.

மாங்குளத்தில் டோர்ச்சோடு அடியில் புகுந்தேன். மூடி ஒன்று ஒரு பக்கம் விரல் நுழைகிற அளவு திறந்து கிடந்தது. கிளிப் சரியாக விழவில்லை. உள்ளே தண்ணீரும் கரியும் குழைந்து, அப்பத்தட்டில் ஒட்டிய மாவு மாதிரிக் கிடந்தது. இரண்டு நாளுக்கு முன் குழிக்குள் நின்று அந்த மூடியைப் போட்டது நான்தான். பிளேன்டீ ஆறுகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள், அவசரமாக ஏறிவிட்டேன்.

டிரைவர் மேலே இருந்து கேட்டார். "ஈரம்" என்றேன். புத்தகத்திலும் "மழை ஈரம்" என்றே எழுதினேன். மூடியைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அடுத்த நாள் காலை முறிகண்டியில் கச்சான் சரை ஒன்று வாங்கித் தந்து, "பாஸ் இல்லையெண்டா இரவு முழுக்கக் காட்டில" என்றார் அவர். வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கொழும்பு வரும்வரை அந்தச் சரையைப் பிரிக்கவே இல்லை.