செங்கோட்டை வீட்டுத் தொங்குவிளக்கும் சுருட்டி வைத்த பச்சை ஒயரும்

போன வருசம் ஆனி மாசம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு காலை. பட்டாசாலையில் தொங்கும் பித்தளை விளக்கை அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மர முக்காலி மேல் நின்றிருந்தவள் சட்டென்று கையை உதறினாள்.

"எய்யா, வெளக்கு சுர்ருங்குது."

"சுவிட்சை அணைக்கலயாம்மா?"

"அணைச்சிட்டுத்தானய்யா தொட்டேன்."

அம்மாவை இறங்கச் சொல்லிவிட்டு டெஸ்டரை விளக்கின் உடம்பில் வைத்தேன். எரிந்தது. சுவிட்ச் அணைந்தேதான் இருந்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். காய்ந்த மர முக்காலிக்குப் பதில் சாரலில் ஈரம் கோத்திருந்த தரையில் நின்று அம்மா அதைத் தொட்டிருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் அந்த விளக்கை மாட்டியதே நான்தான்.

எங்கள் வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு, தேக்கு உத்தரமும் மச்சும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். அதனால் உருளி, சங்கிலித் தூக்குவிளக்கு என்று கிழக்கே போகப் போகக் குறையும் பித்தளைச் சாமான்கள் எல்லாம் இங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பட்டாசாலைக்கு டியூப்லைட் வேண்டாம், தூக்குவிளக்கு மாதிரியே ஒரு மின்விளக்கு போடலாம் என்று ஆசைப்பட்டு, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாங்கினேன்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோயிருந்தேன். முதலில் காட்டிய விளக்கில் கிண்ணம் பித்தளை, ஆனால் சங்கிலியிலும் மேல்மூடியிலும் காந்தம் டக்கென்று ஒட்டியது. இரும்பின் மேல் பித்தளை முலாம். நம் ஊர்ச் சாரலுக்கு அது சீக்கிரமே துரு கட்டிவிடும். காந்தம் எங்குமே ஒட்டாத இன்னொன்றை எடுத்தேன். சங்கிலியோடு ஆறு கிலோ.

அந்த எடையைத் தாங்க உத்தரத்தில் மரத்திருகு போதாது என்று, குறுக்காகத் துளை போட்டு போல்ட் நட்டோடு கொக்கி மாட்டினேன். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஒரு ராத்திரி முழுக்க அதில் தொங்கவிட்டுப் பார்த்தேன். கொக்கி அசையவில்லை. இவ்வளவு கவனமும் எடைக்குப் போனது. மின்சாரத்துக்குப் போகவில்லை.

விளக்கிலிருந்து மூன்று ஒயர் வந்தது. வீட்டில் விளக்குப் பாயின்ட்டுகளுக்கு இரண்டே ஒயர். கிரைண்டருக்கும் பிரிட்ஜுக்கும் மட்டும்தான் எர்த், அதாவது கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற பச்சை ஒயர், உண்டு. பச்சை ஒயரை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் மேல்மூடிக்குள் சுருட்டி வைத்துவிட்டு மற்ற இரண்டையும் இணைத்தேன். எரிந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். ராத்திரி அணைத்த பிறகும் அந்த எல்.இ.டி. பல்பு மின்மினி மாதிரி மங்கலாக மினுங்கும். அம்மாகூட ரெண்டு தடவை கேட்டாள். மலிவு பல்பு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

தெருவில் முப்பது வருசமாக வயரிங் வேலை பார்க்கிற அண்ணாச்சி வந்தார். மேல்மூடியை இறக்கியதும் கேட்டார்:

"தம்பி, பச்சையைச் சுருட்டி வச்சது யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி. இங்க எர்த்தே இல்லயே, எங்க கொடுக்க?"

"இல்லன்னா இழுக்கணும்லா. உடம்பு பூரா உலோகம், கை படுற எடம்."

விளக்கைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. சங்கிலியிலிருந்து ஒயர் கிண்ணத்துக்குள் நுழையும் துளையின் விளிம்பு அரம் மாதிரி இருந்தது. காற்றில் விளக்கு ஆட ஆட, ஒயரின் மேல்தோலை அது அறுத்து, உள்ளே செம்பு தெரிந்தது. நகக்கண் அளவு கூட இல்லை. அந்தச் செம்புதான் பித்தளையைத் தொட்டு விளக்கு முழுவதையும் மின்சாரமாக்கியிருக்கிறது.

சரி, சுவிட்சை அணைத்தும் ஏன்? பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற ஒயரில் போட்டிருந்தது. மின்சாரம் வருகிற ஒயரான பேஸில்தான் போட வேண்டும். நியூட்ரலை வெட்டினாலும் விளக்கு அணையும், ஆனால் பேஸ் எந்நேரமும் பல்பு வரை வந்து நிற்கும். பல்பு மினுங்கியதற்கும் காரணம் அதுதான்: நிற்கிற பேஸிலிருந்து கசிகிற துளி மின்சாரம் எல்.இ.டி.க்குப் போதும். வீட்டில் யாருக்காவது அணைத்த பல்பு மினுங்கினால் உடனே டெஸ்டர் வைத்துப் பாருங்கள். மினுங்கலுக்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் விடாதீர்கள்.

வேலை மூன்று நாள் ஆனது. கொல்லையில் இருந்த எர்த் குழாயில் கிளாம்ப் துருப்பிடித்து ஒயர் பெயருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே புதுக் குழி தோண்டி, குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு நிரப்பினோம். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இப்போது சித்திரை வைகாசியில் வாரம் ரெண்டு குடம் ஊற்றுகிறேன். அங்கிருந்து போர்டு வழியாகப் பட்டாசாலைக்குப் பச்சை ஒயர் வந்தது. சுவிட்ச் பேஸுக்கு மாறியது. திருகு ஹோல்டரில் நடு நாக்குக்குப் பேஸ், திருகு வளையத்துக்கு நியூட்ரல் என்று சரிசெய்தார். அறுத்த துளைக்கு ரப்பர் புஷ் போட்டு, ஒயர் சங்கிலியோடு தளர்வாக வரும்படி விட்டார். எடை சங்கிலியில் நிற்க வேண்டும், ஒயரில் நிற்கக் கூடாது.

பச்சை ஒயரை விளக்கின் உடம்பில் திருகும் முன் அவர் ஒன்று செய்தார். அந்த ஒரு காசளவு இடத்தை உப்புத்தாளால் சுரண்டி, பளபளப்பைப் போக்கி, வெறும் பித்தளை தெரிந்த பிறகு ஒயர் முனைக்கான உலோக வளையத்தை (லக்) வைத்து முறுக்கினார். கடையில் வரும் விளக்கின் மேல் கண்ணாடி மாதிரி லேக்கர் பூசியிருப்பார்கள். மின்சாரம் அதைத் தாண்டாது. அதன் மேலேயே திருகினால் எர்த் கொடுத்த மாதிரி தெரியும், எர்த் இருக்காது. பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் உடம்பிலும் இன்னொன்றைப் பிளக்கின் எர்த் துளையிலும் வைத்தார். பீப் சத்தம் கேட்ட பிறகுதான் ஏணியை விட்டு இறங்கினார். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டால் அது தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மாசம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்க்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி சுவிட்சை அணைத்ததும் பல்பு ஒரேயடியாக இருண்டது. அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பராமரிப்பிலும் ஒரு தப்பு நடந்திருந்தது. பூஜை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரியே அம்மா இதையும் தேய்த்திருந்தாள். பூஜை விளக்கு வெறும் பித்தளை, புளி அதற்கு நல்லதுதான். இதில் லேக்கர் திட்டுத் திட்டாகப் பெயர்ந்து, பெயர்ந்த இடமெல்லாம் சாரலில் கறுத்துவிட்டது. ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. ஹோல்டர், ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கொல்லையில் அடுப்பு, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், கையுறை போட்டுக்கொண்டு தின்னரால் மிச்ச லேக்கரையும் எடுத்தேன். ஒரு நாள் வேலை. பிறகு புளி, ஆனால் சில நிமிசம்தான். ரொம்ப நேரம் ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு நிறத் திட்டு விழும். நிறையத் தண்ணீரில் அலசி, இடுக்கு இடுக்காகத் துடைத்து, வெயிலில் வைத்தேன். திருகு மறைகளில் ஈரம் தங்கினால் ஒரே வாரத்தில் பச்சைக் களிம்பு எட்டிப் பார்க்கும்.

காய்ந்ததும் தேன்மெழுகை மெல்லிசாகப் பூசிப் பழைய பருத்தி வேட்டியால் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசி அப்பும். ஆனி ஆடிச் சாரலுக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை மெழுகு. நடுவில் காய்ந்த துணி மட்டும். புதுத் தங்கம் மாதிரி மின்ன வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பழந்தங்க நிறத்துக்கு வந்திருக்கிறது, மச்சு மரத்துக்கு அதுதான் பொருந்துகிறது. வெள்ளை வெளிச்சம் பித்தளையை வெளிறக் காட்டுகிறது, அதனால் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டிருக்கிறேன்.

திண்ணையில் இன்னும் ரெண்டு பித்தளைச் சுவர்விளக்குகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பச்சை ஒயர் இன்னும் வரவில்லை. ரெண்டின் இணைப்பையும் போர்டிலேயே கழற்றி, முனைக்கு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அறுப்பு முடிந்து அண்ணாச்சி வருகிற வரைக்கும் திண்ணையில் அரிக்கேன்தான்.