பிஞ்சா, முத்தினதா?

கிருஷ்ணகிரி பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சுற்றிலும் மாந்தோப்பு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பெங்களூரா காய் இன்னும் மரத்தில் தொங்கும். பிள்ளைகளில் பலருடைய அப்பா அம்மா காய் பறிக்கவோ மாங்கூழ் ஃபேக்டரிக்கோ போயிருப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் மூன்றாம் வகுப்புக்கு மிதப்பது, மூழ்குவது பற்றிச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். பக்கெட்டில் தண்ணீர், பக்கத்தில் கல், இலை, புளியங்கொட்டை, கடைசியாக ஒரு மாங்காய். "இது மிதக்குமா, மூழ்குமா?" என்று கேட்டேன். கனமாக இருப்பது மூழ்கும் என்று அதற்குள் நானே சொல்லி வைத்திருந்ததால், எல்லாரும் "மூழ்கும்" என்று கத்தினார்கள். ஒரு பையன் மட்டும், "பிஞ்சா, முத்தினதா டீச்சர்?" என்றான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றேன். மாங்காயைப் போட்டேன். மூழ்கியது. கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவன் பையிலிருந்து இரண்டு காய்களை எடுத்து மேசைமேல் வைத்தான். "போட்டுப் பாருங்க டீச்சர்." போட்டேன். பெரியது மிதந்தது. சின்னது அடியில் போய் உட்கார்ந்தது. முந்தின நாள் நான் எழுதிய வாக்கியம் கரும்பலகை ஓரத்தில் அழியாமல் அப்படியே இருந்தது.

காய் முற்ற முற்ற உள்ளே மாவுச்சத்து சேர்ந்து சதை கெட்டிப்படும். அடர்த்தி தண்ணீரைவிடக் கூடும்போது மூழ்கும். இளங்காய் பெரும்பாலும் மிதக்கும். பறிக்கும் பக்குவம் பார்க்கத் தோட்டக்கலையில் சொல்லித்தருகிற சோதனைதான் இது. அதை அந்தப் பையன் தோப்பிலிருந்தே கொண்டுவந்திருந்தான். வகுப்பில் அன்று உண்மையாக யோசித்தவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் நான் வாயடைத்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சிந்திக்கக் கற்றுக்கொடுப்பது என்றால் புதிர்க் கணக்கு, படம் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் என் வகுப்பில் குறையாக இருந்தது நேரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து ஒன்றைக் கவனித்தார்: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை 3 விநாடியாக்கினால் பதில் நீளுகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். படித்ததும் என் வகுப்பில் எண்ணிப் பார்த்தேன். 1 விநாடிகூட இல்லை!

எங்கள் பிள்ளைகளுக்கு 3 விநாடியும் போதாது என்பது என் எண்ணம். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் இங்கே நிறைய. கேள்வியைத் தமிழில் வாங்கி, தெலுங்கில் யோசித்து, மறுபடி தமிழில் சொல்ல வேண்டும். இப்போது கேள்வி கேட்டதும் மேசைக்கு அடியில் விரலை மடக்கி ஐந்து வரை எண்ணுகிறேன். ஆரம்பத்தில் அந்த அமைதி பெரும்பாடு. அப்புறம் பழகியது.

இன்னொன்றும் விட்டேன். முதல் பதில் வந்ததும் "வெரி குட்" சொல்வதை. அதைச் சொன்ன நிமிஷமே மற்ற பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இப்போது, "அப்படியா, எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று மட்டும் கேட்கிறேன். எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்றுத்தருகிற அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில், 'அரும்பு' என்கிற ஆரம்ப நிலையில் இருக்கிற குழந்தையிடமும் இதைக் கேட்கலாம். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு யோசிக்க வராது என்று நாம் எப்படி முடிவு கட்டினோமோ தெரியவில்லை.

போன ஜூனில் அதே பக்கெட்டை மறுபடி எடுத்தேன். முத்தின காய் அடியில் கிடந்தது. "இதை மேலே வரவைக்க முடியுமா, தண்ணீருக்குள் கையை விடாமல்?" என்று கேட்டுவிட்டு விரலை மடக்கினேன். ஐந்து எண்ணியாயிற்று. ஒருவரும் பேசவில்லை. பத்தும் தாண்டியது. பின்வரிசையில், அதிகம் வாய் திறக்காத ஒரு பெண், "உப்பு?" என்றாள்.

"எதை வைத்துச் சொல்கிறாய்?"

அவள் பாட்டி உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பாராம்.

சத்துணவு அக்காவிடம் ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வந்தோம். ஒவ்வொருவராக ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கினார்கள். ஏழெட்டுப் பேர் முடிந்தும் காய் அசையவில்லை. அப்புறம் ஒரு முனை லேசாகத் தூக்கியது. பெல் அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.