உஷப்தி வினாவுக்கு 6ஆம் மந்திரத்திலிருந்து படியுங்கள்

பண்டைய எகிப்து தேர்வுத்தாளில் உஷப்தி எனப்படும் ஈமப் பொம்மைகள் பற்றிக் கேட்டால், "இறந்தவருக்கு மறுமையில் ஊழியம் செய்ய வைத்த சிலைகள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என்ன ஊழியம், எதற்காக, எத்தனை பொம்மைகள் என்பதையும் சொன்னால்தான் விடை நிறையும்.

முதலில், இறந்தவருக்குத் துணையாகக் கல்லறையில் வைத்த மந்திரத் தொகுப்பான 'இறந்தோர் நூலின்' 6ஆம் மந்திரத்தைப் படியுங்கள். சிறியதுதான். வயலைப் பண்படுத்த, கரை நிலத்துக்கு நீர் பாய்ச்ச, கிழக்கிலிருந்து மேற்குக்கு மணல் கொண்டுபோக இறந்த இன்னாரை அழைத்தால், "இதோ நான்" என்று நீ சொல்ல வேண்டும் எனப் பொம்மைக்குக் கட்டளையிடுகிறது. இதன் முந்தைய வடிவம் சவப்பெட்டிகளில் எழுதிய பழைய மந்திரங்களான சவப்பெட்டி வாசகங்களில் 472ஆம் மந்திரம். நாணல் வயல் என்ற அவர்களுடைய மறுமை, நைல் கரை போலவே உழவு நடக்கும் நாடு. உயிரோடிருந்தபோது அரசு கட்டாய உழைப்புக்கு ஆள் பிடித்ததைப்போல அங்கேயும் அழைப்பு வரும் என்று நம்பினார்கள். பொம்மையின் கையில் மண்வெட்டியும் முதுகில் விதைப்பையும் ஏன் என்பது இப்போது விளங்கும். பிற்காலத்தில் வழங்கிய 'உஷப்தி' என்ற பெயருக்கும் 'விடையளிப்பவர்' என்றே பொருள்.

எண்ணிக்கையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மத்திய அரசுக் காலத்தில் (சுமார் கி.மு. 2055–1650) ஒருவருக்கு ஒன்றிரண்டுதான். 401 என்பது மூன்றாம் இடைக்காலத்து (சுமார் கி.மு. 1069–664) முழுத்தொகுதி: நாளுக்கு ஒருவராக 365 வேலையாட்கள், பத்துப் பேருக்கு ஒருவராக 36 கங்காணிகள். கங்காணியின் கையில் சாட்டை இருக்கும். அதற்கு முந்தைய 18ஆம் வம்ச அரசர் துட்டன்காமுன் கல்லறையில் மாதத்துக்கு ஒருவராக மேலும் 12 பேர் சேர்ந்து 413. காலத்தைக் குறிப்பிடாமல் 401 என்று மட்டும் எழுதாதீர்கள்.

உயர்ந்த மதிப்பெண்ணுக்கு உரிய கருத்து ஒன்று உண்டு. தொடக்கத்தில் உஷப்தி அடிமை அல்ல, இறந்தவருக்கே மாற்றாள். அதனால்தான் மம்மி வடிவமும் அவர் பெயரும். பின்னர் அது வேலையாளாக மாறியது. 21ஆம் வம்சக் காலத்து அமுன் தலைமைப் பூசாரி இரண்டாம் பினெட்ஜெமின் மனைவி நெஸ்கோன்ஸுக்காக எழுதப்பட்ட ஆணையில், பொம்மை செய்தவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்று, ஆகவே பொம்மைகள் உழைக்க வேண்டும் என்ற வாதமே வருகிறது. இந்தச் சான்றை அவசியம் எழுதுங்கள். மெகெத்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறையில் 1920இல் கிடைத்த அடுமனை, மதுவடிப்பு மாதிரிகளை இதோடு குழப்ப வேண்டாம். அவை வேறு வகை.

படம் கொடுத்துக் காலம் கேட்டால் கைகளை முதலில் பாருங்கள். கருவி எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் மத்திய அரசு அல்லது 18ஆம் வம்சத் தொடக்கம். பளிச்சென்ற நீலத்தில் கறுப்பு மை எழுத்து 21ஆம் வம்சத்தைக் காட்டும். வெளிர்பச்சை நிறம், பீடம், முதுகுத்தூண், தாடி எல்லாம் சேர்ந்திருந்தால் பிற்காலம், அதாவது 26ஆம் வம்சமும் அதற்குப் பின்னும். ஒரே அடையாளத்தை நம்பி முடிவு கட்டாமல், இரண்டாவது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பொம்மையின் எழுத்தில் பெயருக்கு முன் மறுமைக் கடவுளான 'ஒசைரிஸ்' பெயர் வந்தால் அது கடவுள் சிலை ஆகிவிடாது. இறந்த எவரையும் அப்படித்தான் குறித்தார்கள். பல உஷப்திகளைச் செய்த பொருளான ஃபையன்ஸைக் களிமண் என்று எழுதுவதும் பிழை. பொடித்த படிகக்கல்லோடு சிறிது சுண்ணாம்பும் காரமும் சேர்த்துச் சுட்டது அது. நீலம் செம்பிலிருந்து வருகிறது.