புள்ளி பார்க்கிற வேலை

ஜனவரி 17, 2025, வெள்ளி

இரவு ஷிப்ட் முடிந்து, ரொட்டி சானாயைக் குழம்பில் பிய்த்துப் போட்டபடி போனைத் திறந்தால் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் படம். நேற்றுதான் வெளியிட்டிருக்கிறார்கள். பத்து ஆண்டுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த 600-க்கும் அதிகமான துண்டுகளை ஒட்டிச் சேர்த்ததாம். மொத்தம் 250 கோடி பிக்சல். போன் திரையில் அது சாய்த்து வைத்த ஒரு தட்டு, அவ்வளவுதான். தே தாரிக்கைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

ஜனவரி 18, சனி

மகளின் லேப்டாப்பில் பெரிய படத்தை இறக்கினோம். பெரிதாக்கிக்கொண்டே போனபோது முதலில் எனக்குத் தோன்றியது, நாய்ஸ். கேமரா கெட்டுப்போன மெஷினில் பொரிப்பொரியாக வருமே, அது. இன்னும் உள்ளே போனேன். பொரி ஒவ்வொன்றும் தனியாக நின்றது. ஒன்று நீலம், ஒட்டினாற்போல் ஒன்று மஞ்சள், அதற்கு அடியில் மங்கலாக இருபது முப்பது. அத்தனையும் விண்மீன்.

இப்படிப் பிரித்துப் பார்க்க முடிந்தவை 20 கோடி. அதுவும் நம் சூரியனைவிடச் சூடானவைதான். சூரியன் மாதிரி சாதாரண ஆட்கள் எல்லாம் பின்னால் வெளிச்ச மூட்டமாகக் கரைந்து கிடக்கிறார்கள்.

பொங்கலுக்குச் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த அம்மா இன்னும் இங்கேதான் இருக்கிறார். எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கோலமாவு டப்பாவைத் தட்டிவிட்ட மாதிரி" என்றார்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் பதினெட்டு வருடமாக எனக்குப் புள்ளி பார்க்கிற வேலை. வேஃபரை, அதாவது சிப் செய்யும் சிலிக்கான் தட்டை, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, எங்கே புள்ளி இருக்கிறது என்று தேட வேண்டும். புள்ளி என்றால் பழுது. தூசி, கீறல், கறை, ஏதோ ஒன்று. ஒரு தட்டில் நாலு கண்டுபிடித்தால் லைன் லீடர் முகம் சுருங்கும். இங்கே 20 கோடி. ஒன்றைக்கூடத் தள்ள முடியாது.

ஜனவரி 21, செவ்வாய்

தள்ள முடியாது என்று எழுதியது தப்பு. அங்கேயும் தள்ளுகிறார்கள்.

விண்வெளியில் காஸ்மிக் கதிர்த் துகள்கள் வந்து கேமரா சென்சாரில் இடித்துப் பொய்ப்புள்ளி வைத்துவிடுமாம். அதனால் ஒரே இடத்தைப் பல தடவை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு படத்தில் மட்டும் இருந்தால் தூக்கிவிடுவார்கள், எல்லாவற்றிலும் இருந்தால் விண்மீன். 'மறுபடி ஸ்கேன் பண்ணு, அதே இடத்தில் வந்தால் எழுது' என்று எனக்கு முதல் வாரம் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

சில விண்மீன்களுக்கு மட்டும் நாலு பக்கமும் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, சிலுவை மாதிரி. அவை பெரும்பாலும் ஆண்ட்ரோமீடாவைச் சேர்ந்தவையே இல்லை. நம் பால்வீதியின் விண்மீன்கள், வழியில் குறுக்கே நிற்கின்றன. கிட்டே இருப்பதால் பளிச்சென்று இருக்கின்றன. ஹபிளின் இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளில் அந்த ஒளி சிதறி முனை முனையாகத் தெரிகிறது. மழைக்குப் பிறகு பஸ் கண்ணாடி வழியாகப் பினாங்குப் பாலத்தைப் பார்க்கிற மாதிரிதான். துளி நம் ஜன்னலில், விளக்கு அக்கரையில்.

ஜனவரி 25, சனி

இரண்டு நாளாக ஹென்ரியெட்டா லெவிட் நினைப்பாகவே இருக்கிறது. ஹார்வர்ட் வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளில் எடுத்த வான்படங்களைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, எந்தப் புள்ளி பிரகாசம் மாறுகிறது என்று குறித்து வைத்தவர். மணிக்கு 30 சென்ட் கூலி. என் வேலைதான், நூறு வருடத்துக்கு முந்தியது. சிறிய மெகல்லன் மேகம் என்ற குட்டி விண்மீன் மண்டலத்தில் அவர் குறித்த 25 விண்மீன்களில், துடிப்பு (பிரகாசம் ஏறி இறங்குவது) மெதுவாக இருப்பவற்றுக்குப் பிரகாசம் அதிகம் என்று 1912-இல் எழுதினார். துடிப்பை எண்ணினால் உண்மையான பிரகாசம் தெரியும். அது இங்கே எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் தெரியும்.

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவைத் தகட்டில் எடுத்தார். ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் நோவா (திடீரென்று பளிச்சிடும் விண்மீன்) என்பதற்கு அடையாளமாக 'என்' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டார். பழைய தகடுகளோடு ஒப்பிட்ட பிறகு அதை அடித்துவிட்டு 'வார்!' என்று எழுதினார். மாறும் விண்மீன், ஆங்கிலத்தில் வேரியபிள். சுமார் 31 நாளுக்கு ஒருமுறை துடிக்கும் லெவிட் வகை. கணக்குப் போட்டால் 9 லட்சம் ஒளியாண்டு. (இன்றைய கணக்கு 25 லட்சம்.) நம் பால்வீதிக்குள் இருக்கும் ஏதோ மேகம் என்று பலரும் நினைத்தது வேறொரு விண்மீன் மண்டலம் என்று ஆனது.

அந்த அடித்தலைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். லெவிட் 1921-லேயே போய்விட்டார்.

ஜனவரி 28, செவ்வாய்

சீனப் பெருநாளுக்கு முந்தின இரவு. பட்டாசுப் புகையில் எதிர் பிளாக்கே தெரியவில்லை.

ஜனவரி 30, வியாழன்

பறவை பார்க்கும் நண்பரிடம் பைனாகுலர் இரவல் வாங்கிக்கொண்டு பாலிக் புலாவ் பக்கம் கடலோரம் போனோம். அம்மாவும் வருவேன் என்றார். பிறை சீக்கிரமே இறங்கிவிட்டது. மேற்கே வெள்ளிக் கிரகம் விளக்கு மாதிரி எரிந்தது. கொசு பிய்த்தது.

ஆண்ட்ரோமீடாவைத் தேட அல்ஃபெராட்ஸ் என்ற விண்மீனில் ஆரம்பிக்க வேண்டும். அது உத்திரட்டாதியின் இரண்டு விண்மீன்களில் ஒன்று. அம்மா பிறந்த நட்சத்திரம். சொன்னதும் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எழுபத்திரண்டு வருடமாக அர்ச்சனைச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை இன்றுதான் நேரில் பார்க்கிறார். எஸ்டேட்டில் விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போது கார்த்திகையும் விடிவெள்ளியும்தான் கண்ணில் படுமாம். இதை யாரும் காட்டியதில்லை.

அங்கிருந்து இரண்டு விண்மீன் தள்ளி, வலது பக்கம் திரும்பி இன்னும் இரண்டு. கிடைத்துவிட்டது. வடமேற்கில், கண்ணாடியில் விரல் பட்ட கறை மாதிரி ஒரு மங்கல். வேஃபரில் இருந்தால் துடைத்திருப்பேன்.

அம்மா வெகுநேரம் பார்த்தார். "இதுக்காடா இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தே?" என்றார். பைனாகுலரை மட்டும் திருப்பித் தரவில்லை.

மகள் ஒரு கேள்வி கேட்டாள். அந்த மண்டலம் சாய்ந்து கிடக்கிறதே, கிட்டே உள்ள விளிம்பின் ஒளியும் தூர விளிம்பின் ஒளியும் ஒரே சமயத்திலா கிளம்பியது? இல்லை. தூர விளிம்பின் ஒளி லட்சம் ஆண்டுக்கும் மேல் முந்திக் கிளம்பியிருக்க வேண்டும். குடும்பப் படத்தில் தாத்தா வாலிப முகத்தோடும் பேரன் இன்றைய முகத்தோடும் நிற்பது மாதிரி. எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஒரு படம் என்றால் ஒரு நொடி என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். தண்ணீர்மலையில் கால் வைக்க இடமில்லை. அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டார்கள். அம்மா "உத்திரட்டாதி" என்று சொல்லிவிட்டு வடக்குப் பக்கமாக ஒரு பார்வை பார்த்தார். பட்டப்பகல்.

பிப்ரவரி 12, புதன்

முழுநிலா. இப்போது போனால் ஒன்றும் தெரியாது. நிலா தேய்வதற்குள் ஆண்ட்ரோமீடா மேற்கே இன்னும் சரிந்துவிடும். அப்புறம் வருடக் கடைசியில்தான் சாயங்காலத்திலேயே உயரத்தில் வரும்.

வேலையில் இன்று ஒரு தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. காற்று அடித்தேன், போகவில்லை. தட்டைத் திருப்பி வைத்தேன், அதே இடம். வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். "அண்ணே, எவ்வளவு நேரமா ஒரே பீஸ்?" என்றான் பக்கத்து ஸ்கோப்புத் தம்பி.

ரிஜெக்ட் என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.